வழியின் மோசமான கிலோமீட்டரைத் தேடுவது

மேப் ஆப்பில் சைக்கிளுக்கு வழி கேட்டால் முதலில் கண்ணில் படுவது இரண்டு எண்கள்: தூரமும் நேரமும். 62 கி.மீ., 3 மணி 40 நிமிடம் என்று பெரிய எழுத்தில், வேறெதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பது போல நிற்கும். நான் அவற்றைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். அவற்றுக்குக் கீழே பெரும்பாலும் ‘விவரங்கள்’ என்று ஒரு சிறிய பொத்தான் இருக்கும். உயர வரைபடம், சரிவு, மேற்பரப்பு, சாலை வகை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நாள் நல்லபடியாக முடியுமா, நடுவில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்குமா என்பதைச் சொல்வது அந்தப் பக்கம்தான்.

காரில் போகிறவருக்கு ஒரு வழியின் சராசரி போதும். ஒரு மேடு வந்தால் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிப்பார், அவ்வளவுதான். சைக்கிளில் அப்படி இல்லை. 62 கி.மீ.யில் 60 அருமையாக இருந்து, மீதி 2 கி.மீ. ஈரக் களிமண்ணில் செங்குத்தாக ஏறினால், அன்றைய பயணம் அந்த 2 கி.மீ.தான். உடம்பில் இருக்கும் வலு, டயரின் அகலம், கியரின் எல்லை எல்லாம் அங்கேதான் சோதிக்கப்படும். அதனால் வழிப் பகுப்பாய்வை நான் ஒரே ஒரு வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன் என்று சொல்லலாம்: புறப்படும் முன் அந்த வழியின் மோசமான கிலோமீட்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

என் சைக்கிள் பந்தய வகை இல்லை. நடுத்தர அகல டயர், பின்னால் பை, சுமாரான வேகம். கூட வருகிற நண்பர்கள் சிலர் மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கில் வருவார்கள். ஒரே வழி எனக்கு ஒன்றாகவும் அவர்களுக்கு வேறாகவும் இருக்கும். இந்த வேறுபாடுதான் என்னை அந்த வரைபடங்களை ஒழுங்காகப் படிக்க வைத்தது.

உயரக் கோடு

உயர வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். பொதுவாக ஆப், அந்த வழியின் மிகத் தாழ்ந்த இடத்தையும் மிக உயர்ந்த இடத்தையும் எடுத்து, இருக்கும் இடத்துக்குள் பொருந்துமாறு கோட்டை இழுத்துவிடும். 30 மீட்டர் மேடும் 900 மீட்டர் மலையும் திரையில் ஒரே உருவத்தில் நிற்கும். சமவெளியில் ஓட்டுகிறவர் கூர்கூரான கோட்டைப் பார்த்து மிரண்டு வேறு வழி தேடுவார். உண்மையில் அது மேம்பாலத்தின் ஏற்றமாக இருக்கும். மலைப்பகுதியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பெரிய மலை ஒன்று வரைபடத்தை நிரப்பிவிடுவதால், அடிவாரத்தில் இருக்கும் சின்னச் சின்ன செங்குத்து மேடுகள் நேர்கோடு போலத் தெரியும். கால்களைச் சோர வைப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

எனவே உயரத்தை விட்டுவிட்டுச் சரிவுக்குப் போவேன். ஓஎஸ்எம்ஆண்ட் (OsmAnd) போன்ற மேப் ஆப்களில் உயரத்தோடு சரிவையும் அதே வரைபடத்தில் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். வரைபடத்தின் மேல் விரலை இழுத்தால் மேப்பில் ஒரு புள்ளி கூடவே நகரும். இதை விளையாட்டாகச் செய்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் பகுப்பாய்வுப் பக்கத்தில் அதிகப் பயன் தருவது இதுதான். சரிவு உச்சத்தைத் தொடும் இடத்தில் விரலை நிறுத்தி, அது எந்தச் சாலை, எத்தனை மீட்டர் நீளம், அதற்கு முன் என்ன வருகிறது என்று மேப்பில் பார்க்க வேண்டும்.

சராசரிச் சரிவை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 4 கி.மீ. ஏற்றம், சராசரி 3 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 3 மீட்டர் உயரம் என்று ஆப் சொல்கிறது. மொத்தம் 120 மீட்டர் உயரம். அது நீளம் முழுக்க ஒரே சீராக இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். ஆனால் அதே 120 மீட்டரில் 96 மீட்டரை ஒரே 800 மீட்டர் துண்டு ஏறி முடித்துவிடலாம். அதன் சரிவு 12 சதவீதம். மீதி 3.2 கி.மீ. கிட்டத்தட்ட சமதளம். இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான். முதல் வழியை எடுப்பவர் வியர்க்காமல் வந்து சேருவார், இரண்டாவதில் பாதிப் பேர் இறங்கி நடப்பார்கள்.

12 சதவீதம் என்றால் என்ன என்பது ஓட்டுகிறவரையும் சைக்கிளையும் பொறுத்தது. கொஞ்சம் இயற்பியல் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏற்ற சுமார் 88 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சாதாரணமாக ஓட்டுகிறவர் விடாமல் 150 வாட் தர முடிந்தால், இதற்கு மட்டும் 10 நிமிடம் ஆகும். டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்தால் 5 சதவீதச் சரிவில் வேகம் மணிக்கு 10 கி.மீ.யை ஒட்டி இருக்கும். 10 சதவீதத்தில் 6 கி.மீ.க்கு இறங்கிவிடும். மணிக்கு 6 கி.மீ. என்பது வேகமாக நடப்பவரின் வேகம். அந்த வேகத்தில் முன் சக்கரம் ஆட ஆரம்பிக்கும், நேராகப் போவதே ஒரு வேலையாகிவிடும்.

அப்புறம் கியர். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கப் பெரியதில் 32 பல், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி 2.2 மீட்டர் நகரும். மணிக்கு 6 கி.மீ.க்குச் சற்றுக் கீழான வேகத்தில் நிமிடத்துக்கு 43 சுற்றுதான் மிதிக்க முடியும். அது மூட்டுக்கு ஆகாது. முன்னால் 30, பின்னால் 36 என்று மாற்றினால் அதே இடத்தில் 55 சுற்று வரும். சுகமில்லை என்றாலும் சமாளிக்கலாம். இந்தக் கணக்கைத் தன் சைக்கிளுக்கு ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டால், எத்தனை சதவீதம் வரை ஏறலாம், எத்தனை மீட்டர் நீளம் வரை தாங்கும் என்று ஒரு எல்லை கிடைக்கும். என் எல்லை எனக்குத் தெரியும்: 8 சதவீதம் வரை நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, அதற்கு மேல் போனால் நீளத்தைப் பார்ப்பேன், 13, 14 என்று வந்து அது அரை கிலோமீட்டருக்கு நீண்டால் வேறு வழி தேடுவேன்.

இறக்கம் ஏற்றத்தின் நேரத்தைத் திருப்பித் தந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தராது. 10 கி.மீ. ஏற்றத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறி, அதே தூரத்தை 40-இல் இறங்கினால் மொத்தம் 75 நிமிடம். சராசரி வேகம் 16தான், 25 இல்லை.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன

ஒரே வழியை இரண்டு ஆப்களில் போட்டுப் பார்த்தால் மொத்த ஏற்றம் ஒன்றில் 540 மீட்டர், இன்னொன்றில் 790 மீட்டர் என்று வருவது சகஜம். எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. இரண்டும் கணக்கிடப்பட்ட விதம் வேறு.

பல ஆப்களின் உயரத் தரவுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் எடுத்த அளவீடு. எஸ்ஆர்டிஎம் என்று சொல்வார்கள். வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரையான நிலத்தை அது அளந்தது. இன்று பொதுவாகக் கிடைக்கும் வடிவத்தில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இதில் கவனிக்க வேண்டியது, ரேடார் அளந்தது மேலே தெரிகிற பரப்பை. அடர்ந்த காட்டில் அது மரத்தலைகளுக்கு அருகே எங்கோ ஒரு உயரத்தைத் தரும். காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் சாலை இறங்காமலே வரைபடம் இறங்கும்.

பாலமும் சுரங்கப்பாதையும் இன்னும் வேடிக்கை. பாலம் நேராகப் போகும்; தரவுக்குப் பாலம் தெரியாது, அடியில் இருக்கும் பள்ளத்தாக்குதான் தெரியும். இதை ஆப் திருத்தாமல் விட்டால், வரைபடத்தில் கோடு சட்டென்று குழிக்குள் விழுந்து எழும். சுரங்கப்பாதையில் மலை மேல் ஏறி இறங்கியதாகக் காட்டும். மலைச்சரிவைக் குடைந்து போட்ட சாலைகளில் பிழை நுட்பமானது. சாலைக்குப் பக்கத்திலேயே நிலம் 45 பாகை சாய்ந்திருந்தால், பக்கவாட்டில் 10 மீட்டர் தவறினாலே உயரத்தில் 10 மீட்டர் பிழை வரும். அங்கே 25 சதவீதம், மறு நொடியே மைனஸ் 20 என்று ஊசி முனைகள் தெரியும். உண்மையான செங்குத்துக்கும் இந்தப் பொய்ச் செங்குத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொய்யானது மிகக் குறுகியது, ஏறிய உடனே இறங்கும், மேப்பில் பார்த்தால் அங்கே ஆறோ சுரங்கமோ மலைப்பக்கவாட்டோ இருக்கும். உண்மையானது பெரும்பாலும் நூறு மீட்டராவது நீடிக்கும், மேப்பில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக் கோடுகளைச் சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மேப்பில் உயரக் கோடுகளைப் போட்டு வைத்துக்கொள்வது இதற்காகவே.

மொத்த ஏற்றம் கூடிக் குறைவதற்கு இன்னொரு காரணம் வடிகட்டல். 25 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 50 கி.மீ.க்கு 2000 புள்ளிகள். அவற்றில் பாதியில் வெறும் பிழையால் அரை மீட்டர் ஏறியதாகக் கணக்கானாலே 500 மீட்டர் சேர்ந்துவிடும், தட்டையான சாலையில்! அதனால் சில ஆப்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயரம் மாறினால் மட்டுமே ஏற்றத்தில் சேர்க்கும். சைக்கிளுக்கென்றே எழுதப்பட்ட பிரவுட்டர் என்ற திறமூல வழித்தேடி, வடிகட்டிய ஏற்றம் என்று தனியாக ஓர் எண்ணே தருகிறது. நான் செய்வது எளிது: ஒரே ஆப்பைப் பிடித்துக்கொண்டு, அதன் எண்ணை அதே ஆப்பின் பழைய எண்களோடு மட்டும் ஒப்பிடுகிறேன். ‘போன மாதம் போனது 600, இது 800’ என்பது பொருளுள்ள ஒப்பீடு. நண்பரின் ஆப் சொல்லும் 800-ஐ என் ஆப்பின் 600-உடன் ஒப்பிடுவதில் ஒன்றுமில்லை.

மேற்பரப்புப் பட்டை

என்னைக் கேட்டால், சரிவை விட மேற்பரப்புதான் அதிகப் பேருடைய நாளைக் கெடுக்கிறது. சரிவாவது கண்ணுக்குத் தெரியும், மனதைத் தயார் செய்துகொள்ளலாம். தார்ச்சாலை திடீரென்று தளர்ந்த ஜல்லியாக மாறினால் மெல்லிய டயர்க்காரருக்கு வேறு வழியே இல்லை.

பகுப்பாய்வுப் பக்கத்தில் வண்ணப் பட்டையாக இது வரும்: தார் இவ்வளவு, சரளை இவ்வளவு, மண் இவ்வளவு. கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு, ‘தெரியவில்லை’. பலரும் நிறங்களைப் பார்ப்பார்கள், சாம்பலைத் தாண்டிப் போவார்கள். நான் முதலில் தொடுவதே சாம்பலை. இந்தத் தகவல்கள் பெரும்பாலும் 2004-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்திலிருந்து வருகின்றன. யாரோ ஒரு தன்னார்வலர் அந்தச் சாலையின் மேற்பரப்பைக் குறித்திருந்தால் மட்டுமே தெரியும். குறிக்கவில்லை என்றால் சாலை மோசம் என்று பொருளில்லை. நல்லது என்றும் பொருளில்லை. ஊருக்குள் இருக்கும் தெருக்களில் சாம்பல் இருந்தால் கவலையில்லை, பெரும்பாலும் தார் அல்லது கான்கிரீட்தான். வயல்வெளிக்கு நடுவே, காட்டுக்குள், இரண்டு சிற்றூர்களை இணைக்கும் ஒற்றைக் கோட்டில் 3 கி.மீ. சாம்பல் இருந்தால் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்க்காமல் புறப்பட மாட்டேன். மேலிருந்து பார்க்கும்போது நடுவில் புல் வரிசையோடு இரண்டு தடம் தெரிந்தால் அது டிராக்டர் போகும் பாதை. ஒரே நிறத்தில் சீரான ஓரங்களோடு இருந்தால் பெரும்பாலும் தார்.

‘சரளை’ என்ற ஒற்றை நிறத்துக்குள்ளும் பெரிய உலகம் இருக்கிறது. நன்றாக அமுக்கப்பட்ட சரளை சில தார்ச்சாலைகளை விட மேல். முஷ்டி அளவு கல் போட்ட பாதையும் சரளைதான். இதற்குத்தான் ஸ்மூத்னெஸ், அதாவது வழவழப்பு, என்று இன்னொரு பட்டை. இதன் அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. சாலையை அதில் ஓடக்கூடிய சக்கரத்தை வைத்து அளக்கிறது. முதல் படி ரோலர் ஸ்கேட் ஓடக்கூடியது. அடுத்தது ரேஸ் சைக்கிளின் மெல்லிய சக்கரத்துக்கு. மூன்றாவது சாதாரண ஊர் சைக்கிளுக்கும் சக்கர நாற்காலிக்கும். நான்காவது ‘மோசம்’ என்று பெயர் பெற்றாலும் பருமனான டயருள்ள சைக்கிளும் காரும் போகும். அதற்குக் கீழே உள்ளவை உயரமான வண்டிகளுக்கு, கடைசிப் படி எந்தச் சக்கரத்துக்கும் இல்லை. என் டயருக்கு ‘மோசம்’ வரை சரி. மெல்லிய டயர் நண்பர்களோடு போகும்போது மூன்றாவது படிக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். இது தவிர வண்டித்தடங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு. ஒன்று கெட்டியானது, ஐந்து புல்லும் மண்ணுமாக மெத்தென்று இருப்பது. நான்கு, ஐந்து என்று கண்டால், முந்தைய வாரம் மழை பெய்ததா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு. மழையைப் பற்றி எந்தப் பட்டையும் சொல்லாது. காய்ந்த களிமண் கல் போல இருக்கும். நனைந்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துச் சுற்ற விடாது.

இனி நான் முக்கியமாக நினைப்பது. சரிவு ஒரு பட்டை, மேற்பரப்பு ஒரு பட்டை, சாலை வகை ஒரு பட்டை என்று ஆப் தனித்தனியாகக் காட்டும். ஆனால் மோசமான கிலோமீட்டர் இவை ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில்தான் உருவாகிறது. தாரில் 10 சதவீதம் கஷ்டம், அவ்வளவுதான். சரளையில் 10 சதவீதம் வேறு கதை. எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தே மிதித்தால் வலு போதாது. ஒட்டுமொத்த அளவில் ‘8 சதவீதம் சரளை, 5 சதவீதம் செங்குத்து’ என்று இரண்டும் சிறிய எண்களாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே இடமா என்பதை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சரளைத் துண்டைத் தொட்டால் அது மேப்பில் எங்கே என்று தெரியும். பிறகு சரிவு வரைபடத்தில் அதே இடத்துக்குப் போக வேண்டும். சில நிமிட வேலை. இந்த இரண்டையும் தானாகவே சேர்த்து ‘இங்கே கவனம்’ என்று காட்டும் வசதியைத்தான் நான் ஆப் உருவாக்குபவர்களிடம் முதலில் கேட்பேன்.

சேர்ந்து விழும் இடம் கிடைத்தால் உடனே வழியைக் கைவிட வேண்டியதில்லை. சுற்று வழியாக இருந்தால் திசையைத் திருப்பிப் பார்க்கலாம். ஆப்பில் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிப் போட ஒரு பொத்தான் இருக்கும். செங்குத்துச் சரளை இறக்கமாக வரும். மெதுவாக பிரேக் பிடித்து, வேண்டுமானால் இறங்கி நடந்தும் கடந்துவிடலாம். ஏற்றத்துக்கு நீளமான, சாய்வு குறைந்த தார்ச்சாலை கிடைக்கும். ஆனால் ஈரமாக இருந்தால் இந்த உபாயம் வேண்டாம். நனைந்த சரளையில் ஏறுவதை விட இறங்குவது ஆபத்து. மோசமான இடம் பயணத்தின் எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது என்பதும் முக்கியம். பத்தாவது கிலோமீட்டரில் வரும் மேடும் அறுபதாவதில் வரும் அதே மேடும் கால்களுக்கு ஒன்றல்ல.

சாலை வகைப் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நெடுஞ்சாலை, உள்ளூர்ச் சாலை, சைக்கிள் பாதை என்று அது சொல்வது சாலையின் தகுதியை. அதில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையை அல்ல. வகையில் சிறிய சாலை குறுக்குவழியாகப் பயன்பட்டு லாரிகளால் நிறைந்திருக்கலாம். மற்ற சைக்கிள்காரர்கள் எங்கே ஓட்டுகிறார்கள் என்று காட்டும், ஸ்ட்ராவா என்ற பயணப் பதிவு ஆப்பின் வெப்ப வரைபடம் இதற்கு நல்ல துணை. இரண்டு இணைச் சாலைகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று இருண்டும் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆனால் பளிச்சென்று தெரிவது, பதிவு செய்து ஓட்டுகிற, பெரும்பாலும் வேகப் பிரியர்களின் தேர்வு என்பதை மறக்கக் கூடாது. இடைச்செருகலாக ஒன்று: 2018 தொடக்கத்தில், அந்த வெப்ப வரைபடத்தில் ஆளில்லாப் பகுதிகளில் ஒளிர்ந்த கோடுகளை வைத்து ராணுவ முகாம்களின் வடிவமே தெரிகிறது என்று உலகச் செய்தியானது. பதிவேற்றும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் அமைப்பை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஆப்பிடம் பேரம்

வழித்தேடி என்பது அடிப்படையில் செலவுக் கணக்கு. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு செலவு போட்டு, மொத்தச் செலவு குறைந்த வழியைத் தேடுகிறது; 1959-இல் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிவியலாளர் வெளியிட்ட முறையின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் ஓடுகின்றன. சரளைக்கு எவ்வளவு செலவு, ஏற்றத்துக்கு எவ்வளவு என்பதை நாம் மாற்றினால் வழி மாறும். பிரவுட்டரில் இந்த விதிகள் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாகவே இருக்கின்றன. ஓஎஸ்எம்ஆண்டில் சைக்கிள் அமைப்புக்குள் மேடு எவ்வளவு தாங்கும் என்று தேர்ந்தெடுக்கலாம்.

‘தார் போடாத சாலையைத் தவிர்’ போன்ற கண்டிப்பான பொத்தான்களை எப்போதும் போட்டு வைக்க வேண்டாம் என்பேன். 200 மீட்டர் சரளையைத் தவிர்க்க 7 கி.மீ. சுற்றி நெடுஞ்சாலையில் கொண்டு விடும். அந்த 200 மீட்டரை நடந்தே கடக்கலாமே. நான் பொத்தானைப் போட்டும் போடாமலும் இரண்டு வழிகளை எடுத்து, இரண்டின் விவரப் பக்கத்தையும் ஒப்பிடுவேன். படிக்கட்டு மட்டும் விதிவிலக்கு. பை கட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது யாருக்கும் வேண்டாம், அதைத் தவிர்க்கச் சொல்வதில் தயக்கமில்லை.

பிடித்த வழிக்கு ஆப் வர மறுத்தால் அமைப்புகளோடு மல்லுக்கட்டுவதை விட, நடுவில் ஒரு இடைப்புள்ளி வைப்பது எளிது. புள்ளியைச் சாலையின் மேல், சந்திப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சந்திப்பிலேயே வைத்தால் சில நேரம் பக்கத்துத் தெருவுக்குள் போய்த் திரும்பி வரச் சொல்லும்.

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்த வழியை ஜிபிஎக்ஸ் ட்ராக்காக, அதாவது பல ஆப்களிலும் திறக்கக்கூடிய வழிக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, அதைப் பின்தொடரச் சொல்வேன். வெறும் இலக்கை மட்டும் கொடுத்துவிட்டு ஓட்டினால், ஒரு திருப்பம் தவறியதும் ஆப் புதிதாக வழி போடும். அந்தப் புது வழியை யாரும் ஆராயவில்லை. நாம் கவனமாக ஒதுக்கிய மேடு அதில் இருக்கலாம். அதனால் தானாக மறுகணக்கிடும் வசதியை அணைத்து வைக்கிறேன். வழி விலகினால் சத்தம் கொடுத்தால் போதும், திரும்பி வந்து சேர்ந்துகொள்வேன். மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, திரையை அணைத்து, குரல் வழிகாட்டலை மட்டும் கேட்டால் பேட்டரி நெடுநேரம் நிற்கும். ஏற்றம் தொடங்கும்போது மட்டும் திரையைத் திறந்து, இன்னும் எவ்வளவு மீதி என்று பார்ப்பேன். உச்சி எங்கே என்று தெரிந்தால் மூச்சைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஓட்டி முடித்த பிறகு

பதிவான ட்ராக்கையும் அதே பகுப்பாய்வுப் பக்கத்தில் திறக்கலாம். பெரும்பாலோர் சராசரி வேகத்தைப் பார்த்து மகிழ்ந்தோ வருந்தியோ மூடிவிடுவார்கள். அதில் நிறுத்தங்களும் சேர்ந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. நகர்ந்த நேரம் தனியாக, மொத்த நேரம் தனியாகப் பார்க்க வேண்டும். நான் ட்ராக்கை 1 கி.மீ. துண்டுகளாகப் பிரிக்கச் சொல்லி, எந்தத் துண்டில் வேகம் விழுந்தது என்று பார்ப்பேன். முன்கூட்டியே நான் ‘மோசமான கிலோமீட்டர்’ என்று குறித்ததும், உண்மையில் வேகம் விழுந்த துண்டும் ஒன்றா என்பதுதான் எனக்கு வேண்டிய விடை. பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். இல்லாதபோது காரணம் பெரும்பாலும் எதிர்க்காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், திறந்த வெளியில் நல்ல எதிர்க்காற்று ஒரு மேட்டுக்குச் சமம். எந்த வரைபடத்திலும் அது வராது, வானிலை ஆப்பில்தான் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயன்பட்ட ஒரே எண், மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறேன் என்பது. முன்பு சொன்ன 150 வாட் கணக்கில் இது 500 மீட்டருக்குச் சற்று மேலே வரும். 5 சதவீதமானாலும் 8 ஆனாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை, வேகந்தான் மாறும். எனவே ஒரு ஏற்றத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், அதன் உயரத்தை இந்த எண்ணால் வகுத்தால் போதும். ஆப்பின் நேரக் கணிப்பை விட இது எனக்கு நெருக்கமாக வருகிறது. சமதளத்துக்கு, ஆப்பின் சைக்கிள் அமைப்பில் இயல்பு வேகத்தை என் பழைய ட்ராக்குகளில் கிடைத்த வேகத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன். எல்லோரும் செய்ய வேண்டிய திருத்தம் இது, ஒரு நிமிடம்கூட ஆகாது.

பதிவான ட்ராக்கின் உயரத்தை நம்புவதற்கு முன் போனில் காற்றழுத்த உணரி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ் தரும் உயரம் அது தரும் இடத்தை விடப் பிழை மிகுந்தது. அழுத்த உணரி சின்ன ஏற்ற இறக்கங்களை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வானிலை மாறினால் நகர்ந்துவிடும். காற்றழுத்தத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் உயரத்தில் ஏறத்தாழ 8 மீட்டராகத் தெரியும். மாலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியும் 20 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொன்னால் அதுதான் காரணம்.

சாம்பல் நிறத் துண்டுகளைக் கடந்து வந்த அன்று, அவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்துவிடுகிறேன். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு ஆப், இந்தச் சாலையின் மேற்பரப்பு என்ன என்று படங்களோடு கேள்வி கேட்கும். தொட்டு விடை சொன்னால் போதும். அடுத்த முறை மேப்பைப் புதுப்பித்த பின் அந்தத் துண்டு சாம்பலாக இருக்காது.

நண்பர்களுக்கு வழியை அனுப்பும்போது ஜிபிஎக்ஸ் கோப்போடு சில வரிகளும் எழுதி அனுப்புகிறேன்: செங்குத்தான இடம் எத்தனையாவது கிலோமீட்டரில், எவ்வளவு நீளம், தார் இல்லாத நீளமான துண்டு எது, அதற்கு மாற்று வழி உண்டா. கோப்பை மட்டும் அனுப்பினால் போதாது. அவர்களுடைய ஆப் அதைத் திறக்கும்போது தன் சொந்தச் சாலைகளின் மேல் பொருத்தி, தன் சொந்த உயரத் தரவைப் போட்டுக்கொள்ளலாம். சில நேரம் வழியே ஓரிரு இடங்களில் மாறியிருக்கும். இறக்கிய பிறகு மொத்தத் தூரம் என்னுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்வேன். அரை கிலோமீட்டருக்கு மேல் வேறுபட்டால், ‘ட்ராக்கை அப்படியே பின்தொடர்’ என்ற தேர்வை எடுத்து மறுபடி திறக்கச் சொல்வேன்.